பைக் கிரிப்பை வீட்டிலேயே மாற்றலாமா? கேள்வி பதில்

நான் மெக்கானிக் இல்லை. சொந்த வண்டியைப் பிறர் கையில் கொடுக்க மனம் வராதவன், அவ்வளவுதான். இருபது ஆண்டுகளில் கிரிப் (ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் ரப்பர் உறை) மாற்றும் வேலையில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்துவிட்டேன். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, புதிதாக ஒரு ஜோடி கிரிப் வாங்கினேன். ஒன்றின் துளை பெரிதாகவும் மற்றொன்றின் துளை சிறிதாகவும் இருக்கிறது. மாற்றித் தரச் சொல்ல வேண்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, அப்படித்தான் இருக்க வேண்டும். இடது கிரிப் ஹேண்டில்பாரின் உலோகக் குழாய் மீதே நேராக ஏறி அமர்கிறது. வலது பக்கம் அந்தக் குழாய்க்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் குழாய் சுற்றுகிறது. ஆக்சிலேட்டர் கேபிளை இழுப்பது அதுதான். வலது கிரிப் அதன் மேல் அமர்வதால் துளை பெரிது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ஹேண்டில்பாரின் வெளிவிட்டம். பெரும்பாலான பைக்குகளில் கிரிப் அமரும் இடத்தில் அது 22 மி.மீ. கனமான குரூஸர் வகைகளில் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. இருப்பதும் உண்டு. நடுவில் தடித்து, முனைக்கு வரும்போது மெலிந்துவிடும் ஹேண்டில்பாரும் இருக்கிறது. ஆகவே நடுவில் அளந்துவிட்டு ஏமாறாதீர்கள். நீளத்தையும் பழைய கிரிப்போடு வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய கிரிப் அசையவே மறுக்கிறது. அரை மணி நேரமாக முறுக்கி இழுக்கிறேன். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம்.

பதில்: அந்தக் கிரிப் இனி உங்களுக்கு வேண்டுமா? வேண்டாம் என்றால் எதற்கு அதனோடு மல்லுக்கட்டு? பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, வாழைப்பழத் தோலை உரிப்பதுபோல் உரித்துவிடுங்கள். பிளேடு உங்களை விட்டு விலகிப் போகும் திசையில் நகர வேண்டும். இன்னொரு கை அதன் பாதையில் இருக்கக் கூடாது. இடது பக்கம் உள்ளே உலோகம் என்பதால் துணிந்து கீறலாம். வலது பக்கம் உள்ளே பிளாஸ்டிக். அங்கே ரப்பரில் பாதி ஆழம் மட்டும் கீறிவிட்டு, மீதியை விரலால் பிளந்து எடுங்கள். பிளாஸ்டிக்கில் மெல்லிய கோடு விழுந்தால் கவலையில்லை. விரிசல் விட்டால் அந்தக் குழாயையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எனக்குப் பழையது வேண்டும், கிழிக்க முடியாது. வேறு வழி?

பதில்: இரண்டு வழிகள். காற்று அடிக்கும் கம்ப்ரஸர் கிடைத்தால் அதன் மெல்லிய மூக்கைக் கிரிப்பின் விளிம்புக்கு அடியில் நுழைத்துக் காற்றை விடுங்கள். ரப்பர் உப்பிக் குழாயை விட்டு விலகும்; அந்தக் கணத்தில் முறுக்கி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், உள்ளே இருக்கும் தூசியெல்லாம் முகத்துக்குத்தான் வரும். சைக்கிள் பம்பில் இந்த வேலை நடக்காது.

கம்ப்ரஸர் இல்லாதவர்களுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். முனை மழுங்கிய மெல்லிய ஸ்க்ரூடிரைவரை ரப்பருக்கும் குழாய்க்கும் இடையே மெதுவாக நுழையுங்கள். உண்டாகும் இடைவெளியில் ஊசியில்லாத சிரிஞ்சால் சில சொட்டுகள் விட்டுக் கிரிப்பை இப்படியும் அப்படியும் திருப்புங்கள். இதன் பெரிய வசதி, வேலை முடிந்ததும் தானே ஆவியாகிவிடும். எளிதில் தீப்பற்றும் திரவம். எஞ்சின் சூடாக இருக்கும்போது தொடாதீர்கள்.

கேள்வி: நான் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துக் கழற்றினேன். சுலபமாக வந்துவிட்டது. புதியதையும் அதே எண்ணெய் போட்டு ஏற்றினேன். இப்போது இடது கிரிப் கையோடு சுற்றுகிறது.

பதில்: சுலபமாகக் கழன்றது எந்தக் காரணத்தாலோ, அதே காரணத்தால்தான் இப்போது சுற்றுகிறது. எண்ணெய் ஆவியாகாது, ரப்பருக்கும் உலோகத்துக்கும் இடையே அப்படியே தங்கிவிடும். கிரிப்பைக் கழற்றுங்கள். குழாயையும் கிரிப்பின் உட்புறத்தையும் சோப்பு நீரால் கழுவித் துடைத்து, பிறகு ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை துடையுங்கள். துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். அதுவரை அந்த வண்டியை ஓட்டாதீர்கள். பள்ளத்தில் இறங்கும்போது இடது கையில் உறை மட்டும் மிஞ்சினால் ஹேண்டில் யார் வசம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஆல்கஹாலுக்குப் பதிலாகக் கை கழுவும் சானிடைசர் ஜெல் போடலாமா? அதிலும் ஆல்கஹால்தானே?

பதில்: அதில் கையை மென்மையாக வைக்கக் கிளிசரின் சேர்ப்பார்கள், ஜெல்லாக்க வேறொன்றைச் சேர்ப்பார்கள். ஆல்கஹால் பறந்த பிறகு அந்த இரண்டும் உள்ளே வழவழவென்று உட்கார்ந்திருக்கும். வேண்டாம்.

கேள்வி: வலது கிரிப்பைக் கீறினால் ரப்பர் தனியாக உரியவே இல்லை. பிளாஸ்டிக்கோடு ஒன்றாக வார்த்ததுபோல் இருக்கிறது.

பதில்: வார்த்ததேதான். பல வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்து வரும் வலது கிரிப்பும் ஆக்சிலேட்டர் குழாயும் ஒரே துண்டு. இரண்டு தேர்வுகள் உண்டு. ரப்பரை முழுவதும் செதுக்கி எடுத்துவிட்டு அந்தக் குழாயிலேயே புதியதை ஏற்றலாம். ஆனால் குழாய் மீது மேடும் பள்ளமுமாக வரிகள் இருக்கும், உயர்ந்த வரிகளை அரம் கொண்டு தேய்க்க வேண்டும். அல்லது கிரிப்பும் குழாயும் சேர்ந்த புதிய துண்டையே வாங்கி மாற்றலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். செதுக்குவதில் ஒரு மாலைப் பொழுது போய்விடும், பிறகும் குழாய் அழகாக இருக்காது.

மாற்றுவதென்றால் கிரிப்பை ஒட்டி இருக்கும் சுவிட்ச் பெட்டியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதற்குள் இருக்கும் கேபிள் முனையைக் குழாயிலிருந்து விடுவிக்க வேண்டும். சில வண்டிகளில் ஒரு கேபிள்தான். சிலவற்றில் இழுக்க ஒன்று, திரும்ப ஒன்று. கழற்றும் முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எது மேலே இருந்தது, எது கீழே இருந்தது என்று பிறகு நினைவிலிருந்து சொல்ல யாராலும் முடியாது.

கேள்வி: ஹேண்டில்பார் முனையில் இருக்கும் எடைத் துண்டின் ஸ்க்ரூ தலை மழுங்கிவிட்டது. அந்த எடை எதற்கு? இல்லாமலே விட்டுவிடலாமா?

பதில்: அலங்காரம் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். எஞ்சின் அதிர்வு ஹேண்டில்பாரின் முனையில்தான் அதிகம் தெரியும். முனையில் கனம் கூடினால் குழாய் ஆடும் விதம் மாறி, ஓட்டும் வேகத்தில் கைக்கு வரும் அதிர்வு குறைகிறது. எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், அரை மணி நேரத்தில் விரல்களே சொல்லிவிடும்.

இந்த ஸ்க்ரூக்களில் பெரும்பாலும் கழலாமல் இருக்கப் பசை தடவியிருப்பார்கள். அளவு சரியில்லாத ஸ்க்ரூடிரைவர் தலையைத் தின்றுவிடும். சுத்தியலால் தட்டினால் தட்டும்போதே திருகும் ஸ்க்ரூடிரைவர் ஒன்று உண்டு, அதுவே இதற்கு ஏற்றது. அது இல்லையென்றால் சாலிடரிங் இரும்பின் நுனியை ஸ்க்ரூ தலையில் சில நிமிடங்கள் வைத்துச் சூடாக்குங்கள், பசை இளகும். ஸ்க்ரூவோடு எடையும் சேர்ந்து சுற்றினால், துணி சுற்றிய குறடால் எடையைப் பிடித்துக்கொண்டு திருகுங்கள்.

கேள்வி: எந்தப் பசை நல்லது ஐயா? உடனடிப் பசை, பஞ்சர் ஒட்டும் பசை, ஹேர் ஸ்பிரே என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: கிரிப்புக்கென்றே விற்கும் பசைதான் என் முதல் தேர்வு. ஈரமாக இருக்கும்போது வழுக்கும், பிறகு பிடிக்கும். நமக்குத் தேவை இந்த இரண்டு குணங்களும். உடனடிப் பசைக்கு முதல் குணம் கிடையாது. பாதி தூரம் ஏறிய கிரிப் அங்கேயே நின்றுவிட்டால் பிறகு பிளேடுதான் துணை. பஞ்சர் பசை ரப்பரை ரப்பரோடு ஒட்டச் செய்தது. உலோகத்தில் அதன் பிடி நம்பத்தக்கதல்ல. ஹேர் ஸ்பிரே ஏற்றும்போது வழுக்கும், காய்ந்தால் பிடிக்கும், அவசரத்துக்கு மோசமில்லை. ஆனால் அது நீரில் கரையக்கூடியது. மழையில் ஓட்டுபவர் நம்ப வேண்டாம்.

பசை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. கிரிப்பின் உட்புறம் தடவினால், ஏற்றும்போது குழாயின் வாய் அதை வழித்துக்கொண்டு போய் வெளி முனையில் குவிக்கும். குழாயின் மேல் தடவினால், கிரிப்பின் விளிம்பு அதை வழித்துச் சுவிட்ச் பெட்டிப் பக்கம் தள்ளும். இடது பக்கம் இதனால் கேடில்லை, துடைத்துவிட்டுப் போகலாம். வலது பக்கம் வெளி முனையில் குவிந்த பசை, சுற்றும் குழாய்க்கும் உள்ளே இருக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே இறங்கிவிட்டால் ஆக்சிலேட்டரே ஒட்டிக்கொள்ளும். அதனால் வலதுக்கு மிக மெல்லிய பூச்சு போதும். ஏற்றும்போது நிறுத்தாமல் ஒரே மூச்சில் முறுக்கித் தள்ளுங்கள். கோடுகளும் வடிவமும் நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சில நொடிகள்தான் கிடைக்கும். பிறகு டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் வரை காய விடுங்கள்; நான் ஒரு நாள் முழுவதும் தொடுவதில்லை.

கேள்வி: இவ்வளவு சின்ன வேலையில் ஆபத்து என்ன இருக்கிறது? ரப்பர்தானே?

பதில்: இடது பக்கம் ரப்பர்தான். வலது பக்கம் அப்படி நினைத்துத்தான் நானும் கெட்டேன்.

முதல் முறை மாற்றியபோது, நன்றாக உள்ளே போகட்டும் என்று வலது கிரிப்பை முழு பலத்தோடு தள்ளி அமர்த்தினேன். பார்க்க அழகாக இருந்தது. மறுநாள் வண்டியை நியூட்ரலில் கிளப்பி, பெருமையோடு ஒரு திருகு திருகிவிட்டுக் கையை எடுத்தேன். அது திரும்பி வரவில்லை. எஞ்சின் அலறுகிறது, நான் சாவியைத் தேடுகிறேன். கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே சிவப்பாக இருந்த எஞ்சின் நிறுத்தும் சுவிட்ச் நினைவுக்கு வரச் சில நொடிகள் ஆயின. கியரில் இருந்திருந்தால் சுவரோடு பேசியிருப்பேன்.

காரணம் எளிது. கிரிப்பின் விளிம்பு சுவிட்ச் பெட்டி மீது அழுந்தியிருந்தது. ஆக்சிலேட்டரைத் திரும்ப இழுக்கும் ஸ்பிரிங்குக்கு அந்த உரசலை வெல்லும் வலு இல்லை. ஒன்று முதல் இரண்டு மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். நான் இப்போது காலாவதியான ஏ.டி.எம். அட்டைகள் இரண்டைச் சேர்த்து அங்கே வைத்துக்கொண்டு கிரிப்பை ஏற்றுகிறேன். ஓர் அட்டையின் தடிமன் 0.76 மி.மீ.; இரண்டு சேர்ந்தால் ஏறத்தாழ ஒன்றரை. ஏற்றியதும் அட்டைகளை உருவிவிடுவேன். வெளி முனையிலும் எடைத் துண்டு கிரிப்பை இடிக்கக் கூடாது. அங்கேயும் அதே இடைவெளி.

பசை காய்ந்த பிறகு எஞ்சினைக் கிளப்பாமலே சோதியுங்கள். ஹேண்டிலை நேராக, இடக்கோடி, வலக்கோடி என மூன்று நிலைகளிலும் வைத்து, முழுவதும் திருகிவிட்டுக் கையை எடுங்கள். மூன்றிலும் ‘டக்’ என்று தானே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலும் தோல்விதான். பிறகு நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. எஞ்சின் ஏற்கத் தொடங்கும் முன் கிரிப் சும்மா அசையும் அளவு பல வண்டிகளில் 2 முதல் 6 மி.மீ.; உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று அதன் கையேட்டில் இருக்கும்.

கேள்வி: நீண்ட பயணத்தில் கை மரத்துப்போகிறது. தடிமனான கிரிப் போட்டால் சரியாகுமா? என் கை சிறியது.

பதில்: கை சிறியது என்று சொன்னது நல்லதாயிற்று. தடித்த மென்மையான கிரிப் அதிர்வைக் குறைக்கும், உண்மை. ஆனால் விரல்கள் முழுதாகச் சுற்றி வராவிட்டால் நீங்கள் அறியாமலே இன்னும் அழுத்திப் பிடிப்பீர்கள், மரத்துப்போவது கூடும். பிரேக் லீவரும் எட்டாத தூரத்துக்குப் போய்விடும். முதலில் பிடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள், முனை எடைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதன் பிறகு மெல்லிய, ஆனால் மென்மையான ரப்பரைத் தேடுங்கள். பழைய கிரிப்புக்கு மேலேயே மாட்டும் பஞ்சு உறைகளை வலது பக்கம் போடும்போது மேலே சொன்ன சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். அவை நகர்ந்து போய்ச் சுவிட்ச் பெட்டியை முட்டும்.

கேள்வி: குளிருக்குச் சூடாகும் கிரிப் மாட்ட ஆசை. அதையும் நாமே செய்யலாமா?

பதில்: செய்யலாம். மூன்று விஷயங்களைப் பாருங்கள். வலது கிரிப்பிலிருந்து வரும் ஒயருக்கு முழுத் திருகலுக்கும் போதுமான தளர்வு விட வேண்டும். அது பிரேக் எண்ணெய்க் குடுவையிலோ லீவரிலோ சிக்கக் கூடாது. மின்சாரம் சாவியைத் திறந்தால் மட்டும் போகும்படி ரிலே (மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்ச்) வழியாக, ஃபியூஸோடு வர வேண்டும். நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டு அணைக்க மறந்தால் காலையில் வண்டி கிளம்பாது. ஒரு ஜோடி 12 வோல்ட்டில் 3 முதல் 4 ஆம்பியர் வரை கேட்கலாம், ஆகவே சிறிய வண்டியின் மின்னாக்கி தாங்குமா என்று முதலிலேயே பாருங்கள். இதைப் பிற்காலத்தில் கழற்ற நேர்ந்தால் பிளேடைத் தொடாதீர்கள். உள்ளே இருப்பது ஒயர்.

கேள்வி: அண்ணா, நீங்கள் சொன்னபடியே துடைத்து, பசை தடவி, ஒரே மூச்சில் ஏற்றினேன். இடது கிரிப் வெண்ணெய்போல் ஏறியது, ஆனால் காய்ந்த பிறகும் லொடலொடவென்று ஆடுகிறது. வலது கிரிப் பாதிக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறது.

பதில்: முதல் கேள்வியை ஒரு முறை வாசியுங்கள் தம்பி. பிறகு பிளேடை எங்கே வைத்தீர்கள் என்று தேடுங்கள்.