மூளைத் தமனியில் நாடி அலையின் வேகத்தை ஊசி குத்தாமல் அளக்க முடியுமா?

நாகர்கோவிலிலிருந்து கேட்ட மாணவருக்கு: முடியும். இதயத்தின் மின் பதிவான ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பிலும் கூர்மையாக எழும் ஆர் முனைதான் நேரத்தின் தொடக்கக் கணக்கு. கழுத்துத் தமனியில் ஒரு டாப்ளர், அதாவது ஒலி அலையால் இரத்த ஓட்டத்தை அறியும் கருவி. நெற்றிப்பொட்டு (கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பக்கம்) வழியாக 50–55 மி.மீ. ஆழத்தில் நடு மூளைத் தமனிக்கு 2 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர். இரண்டு அலைகளும் ஏறத் தொடங்கும் அடிப்புள்ளிகளின் நேர வித்தியாசத்தால் இடைத்தூரத்தை வகுங்கள். அலையின் உச்சியைப் பிடிக்காதீர்கள், திரும்பி வரும் அலை அதை நகர்த்திவிடும்.

15 செ.மீ.க்கு 20 மில்லிநொடி என்றால் நொடிக்கு 7.5 மீட்டர். 5 மில்லிநொடி தவறினால் அதுவே 6 அல்லது 10! ஆகவே பல துடிப்புகளின் சராசரி கட்டாயம். நம்மூர்ப் புழுக்கத்தில் வியர்த்து எலக்ட்ரோடு நழுவும்; துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

தமனி வளைந்தோடுவதால் தோல்மேல் நாடா வைத்தால் தூரம் குறைவாகவே வரும். வயதான பெண்கள் பலருக்குப் பொட்டெலும்பு ஒலியை உள்ளே விடாது. அவர்களுக்கு எம்ஆர்ஐ ஒரு வழி.