வேனைத் தாழ்த்தினால் முதுகு தாங்குமா?

வண்டி வைத்தியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐந்து பேர் உட்காரும் மாருதி ஈக்கோ வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓசூர் ரோடு வழியாகத் திருப்பத்தூர் போய் வருவோம். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் பக்கத்தில் ஒரு பஸ் தாண்டினாலே வண்டி ஆடுகிறது. வளைவில் சாய்கிறது. ஜே.சி. ரோட்டில் ஒரு பையன், "ஸ்பிரிங்கை வெட்டி ரெண்டு இஞ்ச் இறக்கிடலாம்ண்ணா, ஒரு மணி நேர வேலை, கார் மாதிரி ஓடும்" என்கிறான். அம்மாவுக்கு டிஸ்க் தொந்தரவு இருக்கிறது. இறக்கினால் ஆட்டமும் குறைந்து, அம்மாவுக்கும் அலுங்காமல் இருக்குமா?
– வாசகர், அல்சூர்

பதில்: தம்பி, இரண்டு இஞ்ச் வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டவே வேண்டாம். டிஸ்க் தொந்தரவு உள்ளவர் ஏறும் வண்டி என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது மேலே போக அதற்கு இடம் வேண்டும். அந்த இடம் முடிகிற இடத்தில் ஒரு ரப்பர் ஸ்டாப்பர் இருக்கும். அதில் போய் முட்டிவிட்டால் அப்புறம் ஸ்பிரிங்கும் இல்லை, அதன் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பரும் (ஷாக்) இல்லை. அடி நேராக பாடிக்கு ஏறி, சீட்டுக்கு வந்து, முதுகெலும்பில் இறங்கும். ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகு 80 மி.மீ. இடம் மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இஞ்ச் என்றால் 50 மி.மீ. போய்விடும், கையில் இருப்பது 30தான். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் சொல்லும் அளவுப்படி ஒரு ஹம்ப் (வேகத்தடை) 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் நீளமுமாக, 25 கி.மீ. வேகத்தில் தாண்டக்கூடியதாக இருக்க வேண்டும். பெங்களூரின் உள் தெருக்களில் அப்படி எங்கே இருக்கிறது? அதே உயரத்துக்குத் தாரைக் குவித்து, ஓர் ஆள் எட்டி வைக்கும் அகலத்தில் முடித்திருப்பார்கள். 30 மி.மீ. இடத்தை வைத்துக்கொண்டு அதில் ஏறினால் ஒவ்வொரு முறையும் ஸ்டாப்பரில் இடிக்கும்.

"ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினால் இடிக்காதே" என்று கேட்பீர்கள். இடம் பாதியாகக் குறைந்தால், அதே அடியை ஸ்டாப்பரில் படாமல் தாங்க ஸ்பிரிங் நான்கு மடங்கு கெட்டியாக இருக்க வேண்டும், கணக்கு அப்படி. அந்த ஸ்பிரிங்கில் உங்கள் அம்மா மேம்பாலத்தின் ஜாயின்ட் ஒவ்வொன்றையும் முதுகால் எண்ணிக்கொண்டு வருவார்.

வெட்டுவதில் இன்னும் இரண்டு கேடு உண்டு. வேலை செய்யும் சுற்று ஆறு இருக்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மிச்சம் இருப்பது 20 சதவீதம் கெட்டியாகிவிடும், இரண்டை வெட்டினால் 50 சதவீதம். ஷாக் மட்டும் பழையதே. கெட்டியான ஸ்பிரிங் திரும்பி எகிறும் வேகத்தை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. அதனால்தான் வெட்டிய வண்டிகள் ஹம்ப் தாண்டின பிறகும் குதித்துக்கொண்டே போகின்றன. இரண்டாவது, கேஸ் கட்டர் சூட்டில் அந்த இடத்து எஃகின் பதம் போய்விடும். வெட்டின முனையும் ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் விட்டு விலகி, திரும்ப உட்காரும்போது 'டக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கிற வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். தாழ்த்தினால் சாய்வு குறையும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. உங்கள் வண்டியின் எடை மையம் 700 மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்தால், 30 மி.மீ. இறக்குவது 4 சதவீதச் சொச்சம்தான். ஐந்து பேரோடு 1,300 கிலோ வரும் வண்டியின் கேரியரில் 50 கிலோ மூட்டையை ஏற்றிப் பாருங்கள், எடை மையம் 40 மி.மீ.க்கு மேல் உயர்ந்துவிடும். நீங்கள் காசு கொடுத்து இறக்கினதை விட அது அதிகம். ஊருக்குப் போகும்போது கூரையில் அரிசி மூட்டை, ட்ரங்குப் பெட்டி கட்டும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். கனமானதைப் பின் சீட்டின் காலடியில் வையுங்கள். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

இன்னொன்று, உங்கள் வண்டியின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண். கீழே குனிந்து, சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மைப் பாருங்கள். பாடியில் மாட்டிய முனையை விடச் சக்கரத்துப் பக்க முனை சற்றுத் தாழ்ந்தோ, மட்டமாகவோ இருக்கும். வண்டியை அளவுக்கு மேல் இறக்கினால் அந்த முனை மேல்நோக்கி ஏறிவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, எடை மையத்தை விட வேகமாகக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடக் கூட வண்டி இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும். பார்க்கத் தாழ்வாக இருக்கும், வளைவில் முன்னைவிட மோசமாக இருக்கும். ஸ்டீயரிங் ராடும் கோணம் மாறிவிடுவதால், ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் ஸ்டீயரிங் தானாக இழுக்கும்.

பஸ் தாண்டும்போது ஆடுவது காற்றின் தள்ளல். ஈக்கோவின் பக்கவாட்டு உயரமான தகடு, காற்று அதில்தான் அடிக்கிறது. அந்த அடிக்கு இறக்குவதால் பெரிய பலன் கிடைக்காது. டயர் காற்று, தேய்ந்த புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்), செத்த ஷாக் இவைதான் அந்தத் தள்ளலைப் பெரிதாக்கிக் காட்டும். எனவே என் யோசனை: முதலில் நான்கு ஷாக்கையும் சோதியுங்கள். எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிக் கறுத்திருந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், பின் ஆக்சிலை (இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் அச்சு) பக்கவாட்டில் பிடிக்கும் லேட்டரல் ராடின் புஷ். இந்த லேட்டரல் ராட் புஷ்ஷை யாரும் பார்ப்பதே இல்லை. அது தளர்ந்தால் பின்பக்கம் வால் ஆட்டுகிற மாதிரியே இருக்கும், ஓட்டுபவர் பாவம் காற்றைக் குறை சொல்வார். சாய்வைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பார் இருந்தால் அதன் ரப்பரையும் மாற்றுங்கள். டயர் காற்றை கம்பெனி ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, காலையில் டயர் சூடாகும் முன்பு வையுங்கள். பாதிப் பேரின் குறை இதோடு தீர்ந்துவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் கொஞ்சம் இறக்கத்தான் ஆசை என்றால் 25 மி.மீ., போனால் 30. அதற்கு மேல் குடும்ப வண்டிக்கு நான் கை வைக்க மாட்டேன். அந்த உயரத்துக்கென்றே சுற்றிய ஸ்பிரிங், அதற்கு ஏற்ற ஷாக், இரண்டையும் ஜோடியாக வாங்குங்கள். ஸ்பிரிங் 20 சதவீதம் கெட்டியென்றால் ஷாக்கின் பிடி சுமார் 10 சதவீதம் கூட வேண்டும், அவ்வளவுதான். "ஹெவி டியூட்டி" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மிகக் கெட்டியான ஷாக்கை மாட்டினால் சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் உடம்புக்கு வந்துவிடும். அம்மாவை வதைப்பது பெரிய ஹம்பை விட அந்த ஓயாத நடுக்கம்தான், ஏனென்றால் நொடிக்கு நாலு முதல் எட்டு முறை வரும் அதிர்வைத்தான் உட்கார்ந்திருக்கும் உடம்பு மிகவும் உணரும்.

வேலைக்கு விடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். முன் ஸ்ட்ரட்டின் ரப்பர் உறையை மேலே தள்ளி, பளபளக்கும் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை, நழுவும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டி, ஷாக்கின் வாய் வரை கீழே இறக்கி வையுங்கள். வழக்கமாக ஏறும் ஆட்களோடு, வழக்கமான வழியில் ஒரு சுற்று போய் வாருங்கள். டை எவ்வளவு மேலே போய் நிற்கிறதோ அவ்வளவு இடத்தை உங்கள் வண்டி இப்போதே பயன்படுத்துகிறது. அங்கிருந்து ஸ்டாப்பர் வரை 25 மி.மீ.கூட மிச்சமில்லை என்றால், இறக்கும் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் உயரம் பேசும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

இணையத்தில் நீங்கள் பார்க்கும் தாழ்ந்த வேன்கள் பல இங்கிலாந்து, ஜெர்மனியில் ஓடும் ஃபோக்ஸ்வேகன் டிரான்ஸ்போர்ட்டர்கள். அவற்றில் டி4, டி5 மாடல்களில் பின் சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கையில் தொங்கும், சாலையும் வேறு. உங்கள் ஈக்கோவின் பின்பக்கம் காயில் ஸ்பிரிங் போட்ட ஒற்றை ஆக்சில். அந்த வண்டிக்குச் சொன்ன மில்லிமீட்டர் கணக்கு இதற்குப் பொருந்தாது.

கேள்வி: பழைய ஆம்னியில் மார்க்கெட்டிலிருந்து பூ ஏற்றுகிறேன். பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, காலியாக வந்தால் தூக்கித் தூக்கிப் போடுகிறது. பட்டையில் (பிளேட்டுகளை அடுக்கிய பின் ஸ்பிரிங்) ஒரு பிளேட்டை உருவிவிட்டால் இறங்கி மெத்தென்று ஆகும் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: அண்ணா, பூ என்பதால் இந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கிறது. கூடை நிறைய இருந்தாலும் எடை குறைவு. அந்தப் பட்டை சரக்கு எடைக்காகப் போட்டது, காலியாக வரும்போது அது மடங்குவதே இல்லை, அதனால்தான் தூக்கிப் போடுகிறது.

ஆனாலும் பிளேட்டை உருவுவதை நான் விரும்புவதில்லை. உருவினால் மெத்தென்றுதான் ஆகும். ஆனால் எடுத்த பிளேட்டின் பாரம் மிச்சப் பிளேட்டுகளில் ஏறும், என்றைக்காவது நாலு ஆட்களோடு ஏதோ மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஓடும்போது மெயின் பிளேட்டின் முனையில் உள்ள கண்ணருகே (துளையருகே) விரிசல் விடும். கலாசிபாளையம் பக்கம் பட்டை அடிக்கிற பட்டறைகளில் கேளுங்கள், வளைவைக் குறைத்துத் தட்டிக் கொடுப்பார்கள். பிளேட்டுகளுக்கு நடுவே துருவைத் தேய்த்து எடுத்து, கிரீஸ் வைத்து, பட்டையின் முனையைப் பாடியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்ஷை மாற்றினாலே பாதித் தூக்கல் போய்விடும். துருப் பிடித்த பட்டை ஒரே இரும்புக் கட்டையாகத்தான் நிற்கும்.

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே பிளாக் (கட்டை) வைத்து இறக்கலாம் என்று யாராவது சொன்னால், ஆக்சில் பட்டைக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேலே இருந்தால்தான் நடுவில் வைக்கும் பிளாக் வண்டியை இறக்கும். கீழே இருந்தால் அதே பிளாக் வண்டியைத் தூக்கிவிடும். பட்டையையும் ஆக்சிலையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டை எப்போது கழற்றினாலும் புதிதாகப் போடுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு திரும்ப இறுக்குங்கள்.

ஒன்று மறக்கக் கூடாது. சில வேன்களில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பி கட்டி, பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இருக்கும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடுவது அதன் வேலை. நீங்கள் வண்டியை இறக்கினால் அது பாரம் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். காலி வண்டியில், மழை பெய்த ரோட்டில் பிரேக் மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும். உங்கள் வண்டியில் அது இருந்தால், உயரத்தை மாற்றின அன்றே அந்தக் கம்பியையும் சரிசெய்யச் சொல்லுங்கள். நீங்கள் விடியற்காலை இருட்டில் ஓட்டுகிறவர், இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

கேள்வி: பையன் பழைய வேன் ஒன்று வாங்கினான். முன்பே யாரோ இறக்கியிருக்கிறார்கள். முன் டயர் இரண்டும் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. போலீஸ் தொந்தரவு வருமா என்றும் பயமாக இருக்கிறது.
– வாசகி, கே.ஆர்.புரம்

பதில்: அம்மா, உள்பக்கத் தேய்மானம் இறக்கிய பிறகு அலைன்மென்ட் பார்க்காததால் வருவது. சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) மாறியிருக்கும். டயரைத் தின்பது பெரும்பாலும் டோதான், அது சரிசெய்யக்கூடியது. வேனுக்குப் பின்னால் நின்று, இரண்டு பின் டயரும் பாடி விளிம்பிலிருந்து சம தூரத்தில் இருக்கிறதா என்றும் பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வெளியே தள்ளி நின்றால் லேட்டரல் ராட் ஆக்சிலை இழுத்திருக்கிறது. ஹெட்லைட்டும் பார்க்கவேண்டும். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு இறக்கியிருந்தால் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

சட்டத்தைப் பற்றி: தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வாங்கினவர் உங்கள் பையன், எனவே முன் ஆள் செய்தது என்று சொல்லித் தப்புவது கஷ்டம். ஸ்பிரிங் வெட்டினதாகத் தெரிந்தால் கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டச் சொல்லுங்கள், அப்புறம் அலைன்மென்ட் பாருங்கள். டயரை அதற்கு முன் மாற்றாதீர்கள், புதுசும் அதே மாதிரி தேய்ந்துவிடும்.