பேப்பர் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்: வீட்டு லேசர் பிரிண்டருக்கு ஒரு பதில்

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறோம். வீட்டில் ஆறேழு வருடமாக ஒரு சின்ன லேசர் பிரிண்டர், முன்பக்கம் திறந்து பேப்பர் வைக்கிற மாடல். கொஞ்ச நாளாகச் சில நேரம் பேப்பரை எடுக்காமல் சத்தம் மட்டும் போடுகிறது, சில நேரம் இரண்டு மூன்று தாளைச் சேர்த்து இழுத்து ஜாம் ஆகிறது. பார்க்க வந்தவர் ஃபியூசர் போய்விட்டது, அதை மாற்றுகிற காசுக்குப் புதுசே வாங்கலாம் என்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறும் பேப்பர் உள்ளே நுழைகிற இடத்தில் நடக்கிறது. ஃபியூசர் என்பது டோனர் பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்ட வைக்கிற பாகம், அது இருப்பதோ பயணத்தின் கடைசியில். பேப்பர் டிரேயை விட்டே கிளம்பாதபோது ஃபியூசரைக் குறை சொல்ல வழியே இல்லை. ஃபியூசர் நன்றாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம்: ஒழுங்காக வெளியே வந்த ஒரு பக்கத்தை எடுத்து எழுத்தின் மேல் விரலால் அழுத்தித் தேயுங்கள். கறுப்பு விரலில் ஒட்டவில்லை, எழுத்து கலையவில்லை என்றால் ஃபியூசர் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். பிரிண்ட் கொடுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது சோலனாய்டு என்கிற சின்ன மின்காந்த விசை பிக்அப் ரோலரைச் சுற்ற விடுகிற சத்தம். அந்த ரப்பர் ரோலர், கட்டின் மேலே இருக்கிற தாளை உள்ளே தள்ளும். ரோலருக்கு நேர் கீழே செபரேஷன் பேட் என்று ஒரு சின்ன பட்டை, இரண்டாவது தாள் கூடவே வந்துவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. கொஞ்சம் உள்ளே போனதும் பேப்பரின் முன்விளிம்பு ஒரு பிளாஸ்டிக் நாக்கைத் தள்ளும், சென்சாருக்குத் தகவல் போகும். குறித்த நேரத்துக்குள் அந்த நாக்கு அசையவில்லை என்றால், உள்ளே ஒரு துண்டுப் பேப்பர்கூட மாட்டியிருக்காவிட்டாலும், பிரிண்டர் நின்று விளக்கை எரியவிடும். அது தாண்டினால் டோனர் கார்ட்ரிட்ஜுக்கு அடியில் போய், 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இருக்கிற ஃபியூசருக்குள் நுழைந்து, வெளியே வரும்.

இதில் மூன்று பிடிமானங்களின் கணக்குதான் எல்லாம். ரோலருக்கும் பேப்பருக்கும் இடையே உள்ள பிடி எல்லாவற்றையும் விட அதிகமாக இருக்க வேண்டும், பேடுக்கும் பேப்பருக்கும் உள்ளது அதற்கு அடுத்து, தாளுக்கும் தாளுக்கும் உள்ளது எல்லாவற்றையும் விடக் குறைவு. ரோலரின் பிடி குறைந்தால் பேப்பர் எடுக்காது. பேட் தேய்ந்தால், அல்லது தாளும் தாளும் ஒட்டிக்கொண்டால், இரண்டு மூன்றாக வரும். உங்கள் மிஷினில் இரண்டுமே நடக்கிறது என்பதால் ரோலர், பேட், பேப்பர் மூன்றையும் சேர்த்தே சந்தேகப்பட வேண்டும். நான் பேப்பரில் இருந்துதான் ஆரம்பிப்பேன், அதற்குச் செலவே இல்லை.

கடலோர ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் பாதிக் கவனம்கூட வைப்பதில்லை. பேப்பர் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரீமைப் பிரித்து மேசை மேல் போட்டு வைத்தால், அதிலும் ஐப்பசி கார்த்திகை மழையில், ஓரிரண்டு நாளில் ஓரமெல்லாம் அலை அலையாக நெளிந்துவிடும், தாள் தொய்ந்து ஒன்றோடொன்று ஒட்டும். கையில் எடுத்து ஆட்டிப் பாருங்கள், புதுத் தாள் சடசடவென்று சத்தம் போடும், ஈரம் ஏறிய தாள் மந்தமாக அசையும். ஈரத்தாளைப் போட்டால் ஃபியூசர் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி வெளியே வருகிற இடத்தில் லேசாகப் புகை மாதிரி தெரியும், தாளும் சுருண்டு வரும். பலர் அதைப் பார்த்து பிரிண்டர் எரிகிறது என்று பயந்துவிடுகிறார்கள்.

ஆக இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். கடையில் உறை பிரிக்காத ஒரு 75 ஜிஎஸ்எம் ரீம் வாங்கி, பிரித்தவுடன் இருபது தாள் எடுத்து, நான்கு விளிம்பையும் விசிறிவிட்டு, மேசையில் தட்டிச் சமமாக்கி வையுங்கள். இரண்டு பக்கமும் இருக்கிற கைடுகள் தாளைத் தொட வேண்டும், ஆனால் இறுக்கக் கூடாது. இறுக்கினால் நடுவில் வளைந்து நிற்கும், தளர்ந்தால் கோணலாக நுழையும். இந்த இருபதும் பிசகாமல் போனால் உங்கள் மிஷினில் பெரிய கோளாறு எதுவும் இல்லை, பழைய கட்டைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அப்புறம் ரீமை அதன் உறையோடே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு பீரோவில் வையுங்கள், வெறுந்தரையில் வேண்டாம். டிரேயில் அன்றன்றைக்குத் தேவையானது மட்டும் இருந்தால் போதும். பாதி தீர்ந்த கட்டின் மேலேயே புதுக் கட்டை வைக்கிற பழக்கமும் வேண்டாம், முழுவதையும் வெளியே எடுத்து, ஒன்றாகச் சேர்த்துத் தட்டித்தான் திரும்ப வைக்க வேண்டும்.

ஒருபக்கம் அடித்த தாளின் மறுபக்கத்தில் பிரிண்ட் எடுப்பதும் நம் வீடுகளில் சகஜம். காகிதத்தை வீணாக்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒருமுறை ஃபியூசர் சூட்டில் போய் வந்த தாள் வளைந்திருக்கும். அதைக் கட்டாக அடுக்கி வைத்தால் டபுள் ஃபீட், அதாவது இரண்டு தாள் சேர்ந்து வருவதற்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி. அதிலும் ஸ்டேப்ளர் பின் இருந்த தாள் என்றால் மிகவும் கவனம் வேண்டும். ஒரு பின் உள்ளே போனால் ஃபியூசரில் இருக்கிற மெல்லிய ஃபிலிம், கடைக்காரர்கள் டெஃப்ளான் என்பார்களே, அது கிழிந்துவிடும், அதற்கப்புறம் நிஜமாகவே ஃபியூசர் செலவு வந்து நிற்கும். மறுபக்கம் அடித்தே ஆக வேண்டும் என்றால் பின் இல்லையா என்று பார்த்து, புத்தகத்துக்கு அடியில் வைத்து நேராக்கி, ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

புதுப் பேப்பரிலும் அதே தகராறு என்றால் ரோலரைத் துடைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, அரை மணி நேரம் ஆறவிட்டு, மேல்கதவைத் திறந்து கார்ட்ரிட்ஜை எடுத்து, வெளிச்சம் படாமல் ஒரு துணியால் மூடி வையுங்கள். உள்ளே இருக்கிற டிரம்மின் மேல் வெளிச்சம் பட்டால் கெடும், கை படவும் கூடாது. அடியில் கறுப்பாக ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு நீள ரோலர் தெரியும், அது டிரான்ஸ்ஃபர் ரோலர், அதையும் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசையே பிரிண்டைக் கெடுத்துவிடும். நமக்கு வேண்டியது முன்பக்கம் நடுவில் இருக்கிற சின்ன ரப்பர் ரோலர். எச்பி லேசர்ஜெட் 1020 போன்ற மாடல்களில் அதன் இரண்டு பக்கமும் வெள்ளையாகச் சின்னக் கொக்கிகள் இருக்கும், அவற்றை விலக்கி ரோலரை முன்பக்கமாகச் சுற்றினால் கையோடு வந்துவிடும். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். டிரே முழுதாக வெளியே வருகிற கேசட் மாடல்களில் பேட் பெரும்பாலும் அந்த டிரேயிலேயே இருக்கும், ரோலர் மிஷினின் உள்பக்க மேற்புறத்தில் இருக்கும்.

நூல் பிரியாத சுத்தமான பருத்தித் துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு, ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். பேப்பர்த் தூசி ரப்பரில் ஏறி வழவழவென்று ஆகியிருக்கும், துணியில் அழுக்கு வருவது நின்றால் போதும். பிடிவாதமான பசை இருந்தால் மெடிக்கல் கடையில் கிடைக்கிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். கை சானிடைசர் வேண்டாம், அதில் பலவற்றில் கிளிசரின் சேர்ந்திருக்கும், ரோலர் முன்னைவிட வழுக்கும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள், ரப்பர் கெட்டுவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்குகிறவர்களும் உண்டு, கொஞ்ச நாளைக்கு ஓடத்தான் செய்யும், ஆனால் மிச்சமிருக்கிற ரப்பரையும் சீக்கிரம் தின்றுவிடும். பேடையும் அதேபோல் துடைத்து, எல்லாம் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

துடைத்த பிறகும் ரப்பர் கண்ணாடி போலப் பளபளக்கிறது, அல்லது பேடின் நடுவே குழி விழுந்திருக்கிறது என்றால் இரண்டையும் ஒன்றாகவே மாற்றிவிடுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் கணக்கு மறுபடி தவறும். உங்கள் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் பிரிண்டர் பாகம் விற்கிற கடைகளில் சில நூறு ரூபாய்க்குள் இரண்டும் கிடைத்துவிடும்.

ஜாம் ஆனால் எடுக்கிற விதத்திலும் ஒரு எச்சரிக்கை. ஒற்றைக் கையால் ஒரு மூலையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் தாளின் இரண்டு பக்கத்தையும் பிடித்து, மெதுவாக, முடிந்தவரை அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே எடுங்கள். எதிர்த்திசையில் பிய்த்தால் அந்த சென்சார் நாக்கு உடையும். கிழிந்து வந்தால் துண்டுகளை மேசையில் பொருத்திப் பார்த்து முழு ஏ4 சேர்ந்ததா என்று உறுதி செய்யுங்கள், ஒரு விரல்நகம் அளவு துண்டு உள்ளே தங்கினாலே சென்சாரை மறைத்து, ஜாம் எடுத்த பிறகும் ஜாம் என்றே காட்டிக்கொண்டிருக்கும். அப்படி விளக்கு அணையாமல் நின்றால் டார்ச் அடித்து அந்த நாக்கு விரல் பட்டால் இறங்கித் தானாக நிமிர்கிறதா என்று பாருங்கள்.

தாள் ஃபியூசருக்குள் விசிறி மடிப்பாகக் கசங்கி நிற்கிறது, அல்லது வெளியே வருகிற வாயில் சுருண்டு மாட்டுகிறது என்றால் அது வேறு கதை. சுருள்தான் பிரச்சினை என்றால் கட்டைத் திருப்பி வைத்துப் பாருங்கள், பிரிண்டர் செட்டிங்கில் பேப்பர் வகையை மெல்லிய தாள் என்று மாற்றினால் பல மாடல்களில் சூடு குறைந்து சுருளும் குறையும். அங்கேயே, பேப்பர் அளவு ஏ4 என்றுதான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் லெட்டர் என்று இருந்தால் சில மிஷின்கள் அந்த அளவுத் தாளுக்காகக் காத்து நிற்கும், நாம் பேப்பர் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

ரோலரும் பேடும் புதிது, பேப்பரும் புதிது, அப்படியும் எடுக்கவில்லை என்றால் காதைக் கொடுத்து அந்த 'டக்' சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். மோட்டார் ஓடுகிறது, 'டக்' வரவில்லை என்றால் சோலனாய்டைப் பார்க்க வேண்டும். ஒரு தாள் சரியாகப் போய், அதன் வாலைப் பிடித்தபடி அடுத்த தாளும் தானாகக் கிளம்புகிறது என்றாலும் சோலனாய்டுதான், பழைய மிஷின்களில் அதற்குள் இருக்கிற சின்ன ஃபோம் துண்டு பிசுபிசுப்பாகி ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்ய பக்க மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும், அது வீட்டில் செய்கிற வேலை இல்லை. அதற்கு சர்வீஸ் ஆளைக் கூப்பிடும்போது "பேப்பர் ஜாம்" என்று பொதுவாகச் சொல்லாமல், ரோலரும் பேடும் மாற்றியாகிவிட்டது, சோலனாய்டைப் பாருங்கள் என்று சொல்லுங்கள். மறுபடியும் ஃபியூசர் என்றால், கழற்றி ஃபிலிம் எங்கே கிழிந்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.