டர்பன் கோடையில் கேட் மிடில்டன் மாதிரி கவுன் தைக்க முடியுமா?

கேள்வி: தை மாதக் கடைசியில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மகளுக்குக் கல்யாணம். காலையில் கூறைச் சேலையில் தாலிகட்டு, மாலையில் வரவேற்புக்கு வெள்ளை கவுன். பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமைக் கட்டியபோது கேட் மிடில்டன் போட்ட மாதிரி லேஸ் கை வேண்டும் என்கிறாள். அரச குடும்பத்துக் கல்யாண உடைகளில் எதைப் பார்த்துத் தைக்கலாம், டெய்லரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: தாராளமாகத் தைக்கலாம். அந்தக் கையையும் கழுத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். துணியையும், பின்னால் தரையில் இழுபடும் டிரெய்னையும் விட்டுவிடுங்கள். அது ஏப்ரல் மாத லண்டனுக்காகத் தைத்த உடை. பிப்ரவரி டர்பனின் புழுக்கத்தில் அதே துணி இரண்டு மணி நேரம் தாங்காது.

வெள்ளை உடை பரவியதற்கு விக்டோரியா ராணியின் 1840 கல்யாணம்தான் பெரிய காரணம். அவருக்கு முன்னும் சிலர் வெள்ளை உடுத்தியதுண்டு. ஆனால் அவர் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டில், இங்கிலாந்தின் டெவன் பகுதிப் பெண்கள் கையால் பின்னிய ஹானிட்டன் லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டார். இயந்திர லேஸ் வந்து நொடித்துப்போயிருந்த தொழிலுக்கு அது கைகொடுத்தது. நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் மணப்பெண் வெள்ளை உடுத்துவதும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான்.

உங்கள் மகள் கேட்கும் கைக்கு மூலம் 1956இல் மொனாக்கோவில் நடந்த தன் கல்யாணத்தில் ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லி உடுத்திய கவுன். உயர்ந்த கழுத்து, முழு லேஸ் கை. வடிவமைத்தவர் எம்ஜிஎம் படநிறுவனத்தின் ஹெலன் ரோஸ். 2011இல் அலெக்சாண்டர் மெக்வீன் நிறுவனத்துக்காக சாரா பர்ட்டன் கேட்டுக்கு வடிவமைத்ததில் அதன் சாயல் தெரியும். அதுவரை கடைகளில் கையில்லாத, தோள் தெரியும் கவுன்களே நிறைந்திருந்தன. அதன் பிறகு லேஸ் கை திரும்பி வந்தது.

அந்தக் கையின் அழகுக்குக் காரணம் லேஸின் விலை அல்ல, வேலைமுறை. லேஸிலிருந்து பூக்களைத் தனித்தனியாக வெட்டி, பட்டு நெட்டின் மேல் கையால் வைத்துத் தைத்தார்கள். அதனால் தையல் கோடு கண்ணில் படவில்லை. லேஸ் அழுக்காகாமல் இருக்க அரை மணிக்கொரு முறை கை கழுவி, மூன்று மணிக்கொரு முறை ஊசி மாற்றினார்களாம். உங்கள் டெய்லரும் இதே முறையில் செய்யலாம். மகளின் தோல் நிறத்திலேயே நெட் எடுங்கள். கடையில் 'ஸ்கின் கலர்' என்று தருவது பெரும்பாலும் வெளுத்த இளஞ்சிவப்பு. நம் கையில் அது சாம்பல் பூசியது போலத் தெரியும். மேல் உடம்புக்கும் கைக்கும் சேர்த்து 3 மீட்டர் லேஸ் வாங்குங்கள். பூ வெட்டுவதில் நிறைய வீணாகும்.

எல்லாரும் தவறுவது ஆர்ம்ஹோலில், அதாவது உடம்பில் கை வந்து சேரும் வெட்டில். கை வசதியாக இருக்கட்டும் என்று அதை இறக்கி வெட்டுவார்கள், நடப்பது நேர்மாறு. இறங்கிய ஆர்ம்ஹோலில் கையைத் தூக்கினால் உடம்புத் துணியே மேலே ஏறும், லேஸ் அக்குளில் கிழியும். மாலை மாற்ற, கேக் ஊட்ட, பெரியவர்களைக் கட்டிக்கொள்ள அன்றைக்குக் கையைத் தூக்காத நேரமே இல்லை. ஆகவே அக்குளுக்குக் கீழே 2 செ.மீ.க்கு மேல் இறங்கவே கூடாது. அடியில் சாய்சதுரமாக ஒரு நெட் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். லேஸ் இழுபடாது என்பதால் கைச்சுற்றளவோடு 3 செ.மீ. கூட்ட வேண்டும். கையின் நீளத்தை முழங்கையை மடக்கிவைத்து அளக்க வேண்டும். நேராக நீட்டி அளந்தால், தட்டைக் கையில் எடுத்ததும் மணிக்கட்டு வெளியே வந்துவிடும்.

கேட்டின் கவுன் சாட்டின் கசார் என்ற விறைப்பான பட்டு. கடையில் அதற்குப் பதிலாகக் காட்டுவது கனமான பாலியெஸ்டர் சாட்டினாக இருக்கும். அது வேர்வையைக் குடிக்காது. பாவாடைக்குப் பட்டு ஆர்கன்சாவோ பட்டுக் கிரேப்போ எடுத்து, மேல் உடம்புக்கு மட்டும் மெல்லிய காட்டன் வாயிலில் லைனிங் கொடுங்கள். கைக்கு லைனிங் வேண்டாம். நிறம் ஐவரியே (தந்த வெள்ளை) சரி. பளீர் வெள்ளைக்கு முன் நம் தங்கம் பித்தளை போலத் தெரியும்.

லண்டன் டிசைனருக்கு இல்லாத ஒரு கவலை உங்களுக்கு உண்டு: மஞ்சள். முதல்நாள் நலங்கு மஞ்சள் தோலில் ஊறியிருக்கும். வேர்வையோடு ஐவரித் துணியில் இறங்கும். தாலி மஞ்சள் கயிற்றில் என்றால் கழுத்தோரம் முழுக்கக் கறைதான். கறை பட்டால் சோப்புப் போடவே கூடாது. சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவப்பாக மாறும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு டிரை கிளீனரிடம் கொடுங்கள். கழுத்து உள்விளிம்பில் கழற்றக்கூடிய காட்டன் பட்டை ஒன்றைக் கைத்தையலாகப் போட்டால் பாதிக் கவலை தீரும்.

கழுத்து வெட்டையும் தாலியை நினைத்தே முடிவு செய்யுங்கள். கேட்டின் 'வி' கழுத்தில் தாலி அழகாக அமரும். 2018இல் இளவரசர் ஹாரியைக் கட்டியபோது மேகன் போட்ட, தோளோடு தோள் அகன்ற படகுக் கழுத்தில் அது துணிக்குள் ஒளிந்து புடைத்து நிற்கும். (மேகன் தலையில் போட்ட 5 மீட்டர் நெட்டில் காமன்வெல்த் நாடுகள் 53க்கும் ஒவ்வொரு பூ இருந்தது, தென்னாப்பிரிக்காவுக்கு அதன் தேசிய மலரான புரோட்டியா. ஒரு புரோட்டியாவை மகளின் தலை நெட் ஓரத்தில் வெள்ளை நூலில் போட்டால் மிக நன்றாக இருக்கும்.)

டிரெய்னுக்கு டயானாவை நினையுங்கள். 1981இல் 7.6 மீட்டர் டஃபெட்டா டிரெய்னைக் கண்ணாடி வண்டிக்குள் மடித்து ஏற்றியதில், இறங்கும்போது எல்லாம் கசங்கியிருந்தது. டஃபெட்டா விழுந்த மடிப்பை விடாது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து மண்டபத்துக்குக் காரில் வரும் பெண்ணுக்கும் இதேதான் நடக்கும். 60 செ.மீ. போதும். அதையும் நடனத்துக்குமுன் தூக்கி மாட்ட, இடுப்பின் பின்பக்கம் மூன்று பட்டனும் டிரெய்னில் மூன்று வளையமும் வையுங்கள். வளையத்துக்குப் பின்னால் உள்பக்கம் ஒரு துண்டு டேப் வைத்துத் தைக்காவிட்டால் மெல்லிய துணி கிழிந்துவிடும்.

கேட்டின் முதுகில் 58 பட்டன்கள். உங்கள் மகளுக்கு அவை மேலே அலங்காரமாக மட்டும் இருக்கட்டும், உள்ளே ஜிப் வையுங்கள். சேலையிலிருந்து கவுனுக்கு மாற அரை மணிதான் கிடைக்கும்.

நவம்பரிலேயே காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்த்து, அதில் ஆர்ம்ஹோலைச் சரிசெய்த பிறகே லேஸில் கத்தரி வைக்கச் சொல்லுங்கள். அடி மடிப்பைக் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு, அன்றைக்குப் போடப்போகும் அதே செருப்போடு நிற்கவைத்து அளக்க வேண்டும்.