மாற்றாந்தாய் என்ற சொல்லும் எங்கள் வீட்டுக் கண்டிப்பும்

கேள்வி: மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்ற எண்ணம், மறுமணக் குடும்பங்களின் அன்றாட வாழ்க்கையை உண்மையிலேயே பாதிக்கிறதா?

பாதிக்கிறது. பழிச்சொல் கேட்டு மனம் நோவதோடு அது நிற்பதில்லை. பிள்ளைக்கு வீட்டில் கிடைக்க வேண்டிய சாதாரணக் கண்டிப்பைக்கூட அது பறித்துவிடுகிறது என்பதே, 13 ஆண்டுகளாக இரண்டாம் தாரமாக வாழும் என் அனுபவம்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது என் கணவரின் மகளுக்கு 6 வயது; பெற்றவளை இழந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மறு ஆண்டு, தோசைக்கல்லின் விளிம்பு பட்டு அவள் முழங்கைக்குக் கீழே சுட்டுக்கொண்டது. புண் ஆறி, விரல் நீளத்துக்குக் கருந்தழும்பு மட்டும் எஞ்சியிருந்த நாளில் ஒரு காதணி விழாவுக்குப் போயிருந்தோம். பந்தியில் அவளருகே அமர்ந்திருந்த உறவுக்காரப் பெண்மணி அந்தக் கையைத் திருப்பிப் பார்த்து, “சித்தி சூடு வச்சாளா கண்ணு?” என்று தணிந்த குரலில் கேட்டது, எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. குழந்தை இல்லையென்று தலையசைத்தாள். அதன்பின் எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும், சித்திரை வெயிலானாலும், முழுக்கைச் சட்டையைத்தான் தானே எடுத்து வைத்தாள். ஏழு வயதுப் பிள்ளை என்னைக் காப்பாற்ற நினைத்ததை எண்ணினால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

அந்த அம்மாளைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். வழிவழியாக வந்த சொல்லே அவரை அப்படிக் கேட்க வைத்தது. மாற்றாள் என்றால் சக்களத்தி. மூத்தாளும் இளையாளும் ஒரே வீட்டில் தத்தம் பிள்ளைகளின் சொத்துரிமைக்காகப் போட்டியிட்ட காலத்தின் சொல் அது. சென்னை மாகாணத்தில் 1949இலும், பின்னர் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தாலும் இந்துக்களிடையே இருதார மணம் தடை செய்யப்பட்ட பிறகும், போட்டியிட மூத்தாளே உயிரோடு இல்லாத வீடுகளில்கூட அந்தச் சந்தேகம் தொடர்கிறது. மத்திய அரசு நிதி ஒதுக்காவிட்டால் “மாற்றாந்தாய் மனப்பான்மை” என்றுதானே அறிக்கை விடுகிறார்கள்? கைகேயியை வரம் கேட்டவளாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். கம்பனில் அவள், கூனியின் பேச்சுக்கு முதலில் மயங்காமல், இராமனைப் பெற்ற தனக்கு என்ன துன்பம் வந்துவிடும் என்றல்லவா கேட்கிறாள்! சட்டமும் எங்களைச் சற்றுத் தள்ளியே வைத்திருக்கிறது: இளவர், அதாவது மைனர் பிள்ளைகளின் காப்பாளர் குறித்த 1956ஆம் ஆண்டின் இந்துச் சட்டத்தில், இயற்கைக் காப்பாளர்களைக் கூறும் 6ஆம் பிரிவு, “தாய்”, “தந்தை” என்ற சொற்களில் மாற்றாந்தாயும் மாற்றாந்தந்தையும் அடங்கமாட்டார்கள் என்று தெளிவாகவே சொல்கிறது.

காதணி விழாவுக்குப் பின் நான் அவளை அதட்டுவதையே விட்டுவிட்டேன். வீட்டுப்பாடம் எழுதாவிட்டாலும், சாப்பிட்ட தட்டைக் கழுவாவிட்டாலும், அக்கம்பக்கத்தார் காதில் விழுமே என்ற அச்சத்தில் வாயை மூடிக்கொண்டேன். பின்னர் எனக்குப் பிறந்த மகனையோ நாள் முழுவதும் திட்டிக்கொண்டிருந்தேன். இதைப் பாசம் என்றே நம்பியிருந்தேன். அவள் பத்தாம் வகுப்புப் படிக்கையில் ஓர் இரவு, “தம்பியைத் திட்டுற மாதிரி என்னை ஒரு நாளும் நீங்க திட்டினதே இல்லையே, நான் என்ன விருந்தாளியா சித்தி?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாள் காலை, ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பியவளைத் திரும்ப அழைத்து உரத்த குரலில் கடிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்துதான் இருந்தது. அவள் துண்டை எடுத்துக் கொடியில் உலர்த்திவிட்டு, “சரி சித்தி” என்று சொல்லிவிட்டுப் போனாள்.