நகையை எடுத்து உள்ளே வையுங்கள்

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பயப்படாதீர்கள் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். கடிதத்தின் பின்பாதியைப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்க நகையை அடகு வைத்து, மீதிக்கு வட்டிக்கு வாங்கப் போகிறீர்களா? வேண்டாம். இன்ஜினியரிங் படிக்காதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று பெரிய மாமா கேட்கிறாராம். பையனுக்கு வயது 17. அந்தப் பேச்சை மாமா கொஞ்ச வருஷம் தள்ளி வைக்கட்டும். வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

கவுன்சலிங், பாலிடெக்னிக் பற்றியெல்லாம் ஏற்கெனவே விசாரித்திருப்பீர்கள். அதற்குள் நான் போகவில்லை. நீங்கள் குறையாக எழுதியிருப்பதைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன்: ராத்திரி ஒரு மணி வரை கம்ப்யூட்டரை நோண்டுகிறான். பண்ருட்டியில் தெரிந்தவரின் முந்திரிக் கடைக்கு அவன் ஒரு வெப்சைட் செய்தான். வீட்டில் பார்த்தபோது இருந்த படங்கள், நெட்டில் ஏற்றியதும் காணாமல் போய்விட்டன. சாப்பாடு கூட இறங்காமல் தேடியிருக்கிறான். கடைசியில் பார்த்தால், ஃபைல் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கேப்பிட்டலில் இருந்திருக்கிறது. விண்டோஸ் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாது. வெப்சைட்டை நெட்டில் வைத்திருக்கும் சர்வர் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். விண்டோஸ் மாதிரியே அதுவும் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம், ஆனால் அந்த வித்தியாசத்தை விடாது. இதை அவனாகவே கண்டுபிடித்தான் பாருங்கள், வெப்சைட் கட்டும் வேலையே அதுதான். எரர் செய்தியை நிதானமாகப் படிப்பது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, மாற்றியதைக் குறித்துவைப்பது. வெப் டெவலப்பருக்கு அன்றாடம் கைகொடுப்பது இந்தப் பழக்கம்தான். இதை எந்த நன்கொடையும் வாங்கித் தராது.

சரி, என்ன படிக்க வைப்பது? கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு விண்ணப்பியுங்கள். செலவு ஆயிரங்களில் முடியும், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

அதோடு சேர்த்து, உங்கள் உறவுக்காரர்கள் யாரும் சொல்லாத ஒன்று: சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பு. ஐஐடியில் சேர வழக்கமாக எழுதும் ஜேஇஇ நுழைவுத் தேர்வு இதற்குத் தேவையில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்து, பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். முதலில் நான்கு வாரப் பாடம், அப்புறம் ஒரு தகுதித் தேர்வு. பாடங்கள் வீடியோவில் வரும், வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். அடிப்படைக் கட்டத்தில் கணிதம், புள்ளியியல், பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி. அதைத் தாண்டினால் புரோகிராமிங் டிப்ளமோ. அதில் உங்கள் பையனுக்கென்றே வைத்த மாதிரி இரண்டு பாடங்கள்: முதலாவதில் ஃபிளாஸ்க் என்ற பைத்தான் கருவியையும் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸையும் வைத்து ஒரு வெப் அப்ளிகேஷனை அவனே முழுசாகக் கட்ட வேண்டும், இரண்டாவதில், கண்ணுக்குத் தெரியும் பக்கங்களைக் கட்ட உதவும் வியூ ஜேஎஸ் சேரும். கட்டியதை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வரி வரியாக விளக்க வேண்டும். எங்கிருந்தாவது காப்பியடித்தவன் அங்கே மாட்டிக்கொள்வான். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகக் கட்டலாம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்குச் சலுகை உண்டு. டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ளவும் வழி இருக்கிறது. கல்லூரியில் ஒரு பட்டம், ஆன்லைனில் இன்னொன்று என ஒரே நேரத்தில் படிக்க, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-லேயே அனுமதித்துவிட்டது. ஐஐடி என்ற பெயரைக் கேட்டால் மாமாவும் கொஞ்சம் அடங்குவார்.

ஆனால் அந்தக் கணிதம் லேசானதல்ல. முடியுமா, பிடிக்குமா என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். முதல் வாரப் பாடத்தை அவனே பார்க்கட்டும், பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் கலைக் கல்லூரி மட்டும் போதும்.

இன்ஜினியரிங் கல்லூரிக்கு முன்பணம் கட்டிவிட்டீர்களா? வகுப்பு தொடங்குமுன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் விதி. ரசீது இருந்தால் இந்த வாரமே எழுத்தில் கேளுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்திருந்தால், யாரிடம் கொடுத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.