பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறீர்களா? கேள்வி பதில்

கொழும்பில் தனியார் நிறுவனங்களின் எச்.ஆர். பிரிவில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். பிரசவ லீவு முடித்து வரும் பெண்கள், சட்டம் தங்களுக்குத் தந்ததையே தயங்கித் தயங்கிக் கேட்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து: அக்கா, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 84 நாள் பிரசவ லீவில் சனி, ஞாயிறும் சேரும், அடுத்த திங்கள் வந்துவிடுங்கள் என்கிறார்கள். சரியா?

சரியில்லை தங்கச்சி. அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம்தான் பொருந்தும். அதன்படி வார விடுமுறை, போயா (பௌர்ணமி) விடுமுறை, சட்டபூர்வ விடுமுறைகள் எல்லாம் அந்த 84க்கு வெளியே. எண்ணிப் பார்த்தால் லீவு நான்கு மாதத்தை நெருங்கும். தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களுக்கு 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அங்கே 12 வாரம், ஞாயிறும் உள்ளே. இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவது அடிக்கடி நடக்கிறது. ஒரு கலண்டரை எடுத்து நாட்களைக் குறித்து, எந்தத் தேதியில் திரும்புகிறீர்கள் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் மட்டும் பேசி விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான் என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: பிள்ளைக்கு நான்கு மாதம். ராஜகிரியவில் கந்தோர், இரண்டு பஸ் மாற வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்க ஆசை. மாமி பால்மாவுக்கு மாற்றச் சொல்கிறா. முடியுமா அக்கா?

முடியும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பால் கொடுப்பதை இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் சட்டம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு 9 மணி நேர வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 2018 முதல் கடை, அலுவலக ஊழியருக்கும் இது இருக்கிறது. மதியச் சாப்பாட்டு இடைவேளையிலிருந்து இதைக் கழிக்க விடாதீர்கள். ராஜகிரியவிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு மணி நேரத்தில் போய் வருவது நடக்காத காரியம். ஆகவே ஒரு மணி நேரம் பிந்தி வந்து, ஒரு மணி நேரம் முந்திப் போக முடியுமா என்று கேளுங்கள். இதற்கு நிறுவனத்தின் சம்மதம் வேண்டும், ஆனால் பல இடங்களில் சம்மதிக்கிறார்கள். அப்படி நேரம் மாற்றினால் ட்ராஃபிக்கிலும் கொஞ்சம் தப்பலாம்.

அப்புறம் பால். வேலை தொடங்க இரண்டு வாரத்துக்கு முன்பே பால் எடுத்துப் பழகுங்கள். கையாலும் எடுக்கலாம், பம்ப்பாலும் எடுக்கலாம். எடுத்த பால் 25 பாகை வரையான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் இருக்கும். கொழும்பு வெக்கையில் அந்தக் கணக்கை நம்பாமல் உடனே குளிரில் வையுங்கள். ஃபிரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும், கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். ஐஸ் பாக்கெட் போட்ட குளிர்ப்பையில் 24 மணி நேரம் தாங்கும், பஸ்ஸில் கொண்டுவர அது போதும். மைக்ரோவேவில் சூடாக்கவே வேண்டாம், சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தால் சரி. பால் எடுக்க மலசலகூடத்துக்குப் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பூட்டக்கூடிய ஒரு சின்ன அறையைக் கேளுங்கள், மீட்டிங் அறையானாலும் பரவாயில்லை.

மாமியோடு வாதாட வேண்டாம். உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸை வீட்டுக்கு வரச் சொல்லி, பாலைக் கோப்பையால் பருக்குவது எப்படி என்று அவவுக்கே காட்டச் சொல்லுங்கள். கையில் ஒரு பொறுப்புக் கிடைத்தால் மாமியும் உங்கள் பக்கம் வந்துவிடுவா.

ஒரு அரசாங்கப் பாடசாலை ஆசிரியை: எங்களுக்கும் 84 நாளோடு முடிந்துவிடுமா?

இல்லை. அரச ஊழியருக்கான விதித் தொகுப்பான தாபனக் கோவையின்படி முழுச் சம்பளத்தோடு 84 நாள், அதன்பின் அரைச் சம்பளத்தோடு 84, சம்பளமில்லாமல் இன்னொரு 84 எடுக்கலாம். அதிபரிடம் முன்கூட்டியே எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

தெகிவளையிலிருந்து: திரும்பிப் போனேன். என் இடத்தில் வேறொருவர் இருக்கிறார். "விருப்பமில்லை என்றால் ராஜினாமா கொடுங்கள்" என்கிறார் முகாமையாளர்.

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், தங்கச்சி. ராஜினாமாவில் போடும் ஒரு கையெழுத்து உங்கள் கையிலிருக்கும் வழக்கையே பலவீனமாக்கிவிடும். கர்ப்பம், பிரசவம் காரணமாக வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால், அவருடைய எழுத்து மூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். இது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். நாள்தோறும் வேலைக்குப் போங்கள், வரவைப் பதியுங்கள். முகாமையாளர் சொன்னதைத் தேதியோடு எழுதி அவருக்கே மின்னஞ்சலில் அனுப்புங்கள்: "இன்று நீங்கள் என்னிடம் இப்படிச் சொன்னீர்கள்." பலர் அந்த ஒரு மின்னஞ்சலோடு இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சிட்டைகளையும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்துக்குப் போங்கள். அங்கே தமிழில் முறையிட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஒரு கணவர், பம்பலப்பிட்டி: மனைவி வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று வாரம். இரவில் அழுகிறா. நான் என்ன செய்வது?

கேட்டதற்கே நன்றி, தம்பி. பிள்ளையைப் பிரிந்து போகும் முதல் நாட்களில் அழுகை வருவது இயல்பு. ஆனால் நித்திரை, சாப்பாடு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது. வைத்தியரிடம் கூட்டிப் போங்கள், நீங்களும் கூடவே உள்ளே இருங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926க்கும் அழைக்கலாம். தன்னையோ பிள்ளையையோ ஏதும் செய்துகொள்வது பற்றிப் பேசினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் இரவில் ஒரு தடவை, எடுத்து வைத்த பாலை நீங்கள் பருக்கிவிட்டு, அவவை நித்திரை கொள்ள விடுங்கள்.

மட்டக்குளியிலிருந்து: 2020இல் வேலையை விட்டேன். இப்போது பிள்ளை பாடசாலை போகிறாள். கணக்குத் துறையில் என்னை இனி யார் எடுப்பார்கள்?

எடுப்பார்கள், ஆனால் தயாராகிப் போக வேண்டும். நீங்கள் விட்டபோது வற் (பெறுமதி சேர்) வரி 8 வீதம். 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியிலிருந்து 18. உங்கள் துறையில் இடையில் மாறியது இதுதான், இதைப் போல இன்னும் சில. ஒரு மாதம் உட்கார்ந்து படித்தால் பிடித்துவிடலாம். சீவியில் அந்த வருடங்களை மறைக்க வேண்டாம், "பிள்ளை வளர்ப்புக்காக இடைவெளி" என்று ஒரே வரியில் எழுதுங்கள். நேர்முகத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேச வேண்டாம். முதலில் ஒரு சின்ன நிறுவனத்தின் மாதக் கணக்கைப் பகுதி நேரமாக எடுத்துச் செய்யுங்கள். சீவியின் மேல் வரியில் இந்த வருட வேலை ஒன்று நின்றால், கீழே இருக்கும் இடைவெளியைக் குறைவாகவே கேட்பார்கள். பழைய மேலதிகாரிக்கும் இந்த வாரமே ஒரு செய்தி அனுப்புங்கள்.